அலாய் வீலில் போகாத பழுப்புக் கறை: தேய்ப்பதற்கு முன் அந்த இடது வீலைக் கவனியுங்கள்

கேள்வி: வணக்கம். வால்பாறையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவின் சிகிச்சைக்காக வாரம் ஒருமுறை மலை இறங்கிக் கோவைக்குப் போய் வருகிறோம். சென்ற ஆண்டு ஐரோப்பிய கம்பெனி கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். வெள்ளி நிற அலாய் வீல். முன் வீல் இரண்டும் எப்போதும் கருப்பாகவே இருக்கின்றன, அதிலும் இடது வீல் கூடுதல் கருப்பு. கழுவினால் கரி போய்விடுகிறது. ஆனால் அடியில் பழுப்புப் புள்ளிகளாகச் சொரசொரப்பாக ஒரு கறை இருக்கிறது, அது போகவே மாட்டேன் என்கிறது. ஷாம்பு, பாத்திரம் கழுவும் லிக்விட், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வாட்டர் வாஷ் கடையில் பின் வீல் ஒன்றில் ஏதோ ஊற்றித் தேய்த்தார்கள், அது வெள்ளையாகப் பூத்துப்போய் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பாத்ரூம் ஆசிட் போடச் சொல்கிறார். பெயிண்டர் நாலு வீலுக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்? செராமிக் பிரேக் பேட் மாற்றினால் தூசித் தொல்லை தீருமா?

பதில்: டீச்சர், கறைக்கு வழி இருக்கிறது, விவரமாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முன் இடது வீல் வலதை விடக் கருப்பாக இருக்கிறது என்கிறீர்கள். பின் வீலை விட முன் வீலில் தூசி அதிகம் இருப்பது சாதாரணம். பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. பல கார்களில் பின்னால் டிரம் பிரேக் இருப்பதால் அங்கே வரும் தூசி டிரம்முக்கு உள்ளேயே தங்கிவிடும். ஆனால் முன்பக்கம் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே அளவு அழுக்காகத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கத்து பிரேக் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

வீலோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் வைத்துப் பிடித்து நிறுத்தும் பாகம்தான் காலிப்பர். உங்கள் காரில் இருக்கக்கூடியது பெரும்பாலும் நகரும் வகை. உள்பக்கம் மட்டும் பிஸ்டன் இருக்கும். அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது, காலிப்பர் முழுதும் இரண்டு ஸ்லைட் பின்களின் மேல் வழுக்கி வந்து வெளி பேடையும் சேர்த்துப் பிடிக்கும். அந்தப் பின்களைக் காக்கும் ரப்பர் பூட் கிழிந்து மழைத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் காய்ந்து, பின் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் நீங்கள் பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். தூசி அதனால்தான் கூடுகிறது. சில நேரம் இதற்கு நேர்மாறாகவும் இருக்கும். வலது காலிப்பர் சரியாகப் பிடிக்காமல் இருக்க, இடது பக்கம் தனியாக எல்லா வேலையையும் செய்துகொண்டிருக்கும். அதனால் மெக்கானிக்கிடம் இடது பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள், சுத்தமாகத் தெரியும் வலது வீலையும் கழற்றச் சொல்லுங்கள்.

நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சமமான ரோட்டில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, மெதுவாக நிறுத்தி, இரண்டு முன் வீல்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தெரிந்தால் போதும். இடது பக்கம் மட்டும் தகித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ சந்தேகம் உறுதி. வீலில் இருப்பது காய்ந்த கரியா, ஈரமான கருப்பா என்றும் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பசையாக ஒட்டினால் அது பிரேக் தூசியே இல்லை. பிரேக் ஆயில் கசிகிறது, அல்லது டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கிறது. பிரேக் ஆயில் கசிவு என்றால் வண்டியை எடுக்கவே கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் ஓட்டும் ரோடு. 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது உரசிக்கொண்டே வரும் ஒரு பேட், டிஸ்க்கையும் காலிப்பரையும் அதற்குள் இருக்கும் பிரேக் ஆயிலையும் சேர்த்துக் காய்ச்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரமே 155 டிகிரிதான் எதிர்பார்க்கிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. வாங்கிய பிறகு ஆயில் மாற்றவில்லை என்றால் இப்போது மாற்றிவிடுங்கள், அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த முறை அம்மாவை அழைத்துக்கொண்டு மலை இறங்குவதற்கு முன்னால் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். பேட் கழற்றும்போது உள் பேடையும் வெளி பேடையும் அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று தேய்ந்து மற்றொன்று தடிமனாக இருந்தால் ஸ்லைட் பின்தான் பிரச்சினை என்று ஏறக்குறைய முடிவுசெய்யலாம். தேய்மானப் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள், மலை ரோட்டில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்ற பேச்சு வேண்டாம்.

சரி, இப்போது கறைக்கு வருவோம்.

பிரேக் தூசி என்று நாம் சொல்வது பேட் மட்டும் தேய்ந்து வருவதில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதுவும் தேய்கிறது. ஐரோப்பிய கார்களில் பரவலாக வரும் பேட்கள் நல்ல பிடிமானம் தரும்படி செய்யப்பட்டவை, டிஸ்க்கை அதிகம் அரிக்கும். அதனால்தான் அந்த கார்களின் வீல் மற்ற கார்களை விடச் சீக்கிரம் கருக்கும். உங்கள் காருக்கென்று தனிக் குறை எதுவும் இல்லை. ஆக, வீலில் வந்து படிவது இரும்புத் துகள், கார்பன், பேடில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்த பீனாலிக் ரெசின் ஆகியவற்றின் கலவை. மலை இறக்கத்தில் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவது அரிதில்லை. அந்தச் சூட்டில் ரெசின் சிதைந்து பிசுபிசுப்பாகும், துகளை வீலோடு ஒட்டவைக்கும்.

அதன் மேல் வால்பாறை மழை. மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்புத் துகள் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும்போது, இரும்பாக இருந்ததை விட அதிக இடத்தை அடைக்கும். அப்படிப் பருத்து, வீலின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் பழுப்புப் புள்ளி அதுதான், விரலுக்குத் தட்டுப்படும் சொரசொரப்பும் அதுதான். மேலே கிடக்கும் கரி ஷாம்புக்குப் போய்விடும், துரு போகாது. எந்த சோப்பும் துருவைக் கரைக்காது. நீங்கள் சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பொருள்தான் மாற வேண்டும்.

மண்ணெண்ணெய் ரோட்டுத் தாரையும் கிரீஸையும் எடுக்கும், இரும்பை ஒன்றும் செய்யாது. பின்னால் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அடுத்த தூசி அதில் இன்னும் நன்றாக ஒட்டும். அதை விடப் பெரிய ஆபத்து, அது டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிரேக் பிடிப்பு குறையும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் கழுவிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். வாட்டர் வாஷ் கடைகளில் அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் காருக்கு அது வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டயர் பளபளப்புக்கு அடிக்கும் ஸ்ப்ரேயையும் நேராக வீலைப் பார்த்து அடிக்க விடாதீர்கள், துணியில் எடுத்து டயர் ஓரத்தில் மட்டும் தடவட்டும்.

பாத்ரூம் ஆசிட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான், அதனால்தான் முதல் ஐந்து நிமிடம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது அலுமினியத்தையும் கரைக்கும். கிளியர் கோட்டில் கல்லடி பட்ட சின்னப் பொத்தல் ஒன்று இருந்தால் போதும், அதன் வழியே உள்ளே போய், கோட்டுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கிவிடும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அடியில் இறங்கியது வெளியே வராது. வீல் நட்டு, டிஸ்க் எல்லாமே ஒரே இரவில் துருப்பிடிக்கும். லூஸில் கேனில் விற்கும் சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருப்பதும் உண்டு. அது தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாது, உள்ளே இறங்கித் திசுவையும் எலும்பையும் பாதிக்கும். லேபிள் இல்லாத எந்தத் திரவத்தையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எலுமிச்சையும் புளியும் பித்தளைப் பாத்திரத்துக்குச் சரி, இங்கே அவற்றுக்கு வேலை இல்லை. கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், உப்புத்தாள் எதையும் தொடாதீர்கள். கறையோடு கோட்டையும் எடுத்துவிடும், அந்தக் கீறலில் அடுத்த துரு உட்காரும்.

வாங்க வேண்டியது அயர்ன் ரிமூவர் அல்லது ஃபால்அவுட் ரிமூவர் என்ற பெயரில் கிடைப்பது. கார் ஆக்சசரீஸ் கடையில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம். அரை லிட்டர் பாட்டில் சில நூறு ரூபாய். லேபிளில் பிஎச் நியூட்ரல் என்றும் அலாய் வீலுக்கு ஏற்றது என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். இதன் உயிர் தையோகிளைகோலேட் என்ற ரசாயனம். அது துருவில் இருக்கும் இரும்பைப் பிடித்து, தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். மாறும்போது வீலில் ஊதாச் சிவப்பாகச் சாயம் வழியும், பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று அர்த்தம். முடி நீக்கும் கிரீமிலும் முடியைச் சுருட்ட பார்லரில் போடும் லோஷனிலும் இருப்பது இதே குடும்பம்தான். நாற்றமும் அதே நாற்றம். அதனால் வெட்டவெளியில் வைத்துச் செய்யுங்கள், நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் எதனோடும் சேர்க்கக் கூடாது, விஷ வாயு வரும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

வீல் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மலை ஏறி வந்து இறங்கியதும் செய்யாதீர்கள், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். சூடான வீலில் மருந்து உடனே காய்ந்து, அதுவே ஒரு கறையாகும். சூடாக இருக்கும் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சுவதும் டிஸ்க்குக்கு நல்லதில்லை. நிழலும் வேண்டும். இந்த விஷயத்தில் உங்கள் ஊருக்கு அனுகூலம் அதிகம், எங்கள் கோவை வெயிலில் நாங்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை. ஒரே சங்கடம், குளிரில் மருந்து சற்று மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வீலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹோஸ் தண்ணீரால் நன்றாக அடித்து, உதிரும் கரியையும் மண்ணையும் போக்குங்கள். பிறகு கார் ஷாம்பு கரைத்த தண்ணீரில் மென்மையான பிரஷ் தோய்த்து, ஸ்போக் இடுக்கு, நட்டுக் குழி, ஸ்போக்கின் பின்பக்கம் வரை தேய்த்துக் கழுவுங்கள். இந்தப் பக்கெட்டும் பிரஷும் வீலுக்கு மட்டும்தான். இதே தண்ணீரில் காரின் பாடியைத் துடைத்தால் இரும்புத் துகள் பெயிண்டை அறுத்துவிடும். பலர் இந்த ஷாம்பு வேலையைத் தாண்டிப் போய் நேராக மருந்தை அடிப்பார்கள். அப்போது மருந்தின் சக்தி முழுதும் மேலே கிடக்கும் கரியிலேயே தீர்ந்துபோகும், அடியில் ஒட்டியிருப்பதை அது எட்டவே எட்டாது. பாட்டில் காலி, கறை அப்படியே.

கழுவிய பிறகு தேங்கி நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போகும். இப்போது அயர்ன் ரிமூவரை வீல் முழுதும் சீராக அடியுங்கள். மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். பாட்டிலில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதைத் தாண்ட வேண்டாம். பாதி நேரத்தில் பிரஷ்ஷால் மெதுவாகக் கிளறிவிட்டால் மருந்து புள்ளிகளின் அடிக்கு இறங்கும். காய ஆரம்பிப்பதுபோல் தெரிந்தால் மேலே இன்னும் கொஞ்சம் அடியுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், டிஸ்க், காலிப்பர் எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஓடட்டும்.

உங்கள் வீலில் எவ்வளவு நாள் கறை என்று தெரியாது, முந்தைய ஓனர் காலத்ததும் இருக்கும். அதனால் ஒரே தடவையில் எல்லாம் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் முறையும் அடிக்கலாம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் செய்யலாம். ஒரே நாளில் ஐந்தாறு முறை அடித்து ஊறவைப்பதை விட அது நல்லது. திரும்ப அடித்தும் ஊதா நிறமே வரவில்லை, புள்ளி மட்டும் இருக்கிறது என்றால் அது வேறு சமாச்சாரம். கருப்பாக, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் குழைந்தால் தார். தார் ரிமூவரைத் துணியில் எடுத்து ஒற்றி எடுங்கள், டிஸ்க் பக்கம் போகாமல்.

அதற்குப் பிறகும் சொரசொரப்பு மிஞ்சினால் கிளே பார் என்ற களிமண் கட்டியை எடுங்கள். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, சின்னத் துண்டை அழுத்தம் கொடுக்காமல் முன்னும் பின்னும் வழுக்கவிட வேண்டும். துகள் களிமண்ணில் ஏறிக்கொள்ளும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒரு மணல் போதும் கோடு போட. வீலில் தேய்த்த கிளேயைக் காரின் பாடிக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்து லேசான மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால், மிதமான பாலிஷை ஸ்பாஞ்சில் எடுத்துக் கையால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். நகம் குழியில் இறங்கினால் அந்த இடத்தில் துரு கோட்டைத் தின்றுவிட்டது. அது கறை இல்லை, பள்ளம். எந்த மருந்தாலும் பள்ளத்தை நிரப்ப முடியாது.

வெள்ளையாகப் பூத்துப்போன பின் வீலுக்கு வருகிறேன். கடையில் ஊற்றியது ஆசிட் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த வீலை உடனே ஷாம்பு போட்டு, நட்டுக் குழி வரை, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், மிச்சம் மீதி எங்காவது தங்கியிருக்கலாம். காய்ந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்து, வெளுத்த இடத்தில் சின்னதாகத் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் அங்கே கோட் போய் வெறும் அலுமினியம் தெரிகிறது என்று பொருள். துணி கருக்கவில்லை, தேய்த்த இடம் கொஞ்சம் தெளிகிறது என்றால் வெளுப்பு கோட்டின் மேல்பரப்பில் மட்டும்தான், பாலிஷில் சரியாகும். கருக்கவும் இல்லை, தெளியவும் இல்லை, கோட்டுக்கு அடியில் வெள்ளைக் கோடுகள் புழு ஊர்ந்ததுபோல் கிளை விட்டுத் தெரிகின்றன என்றால் அரிப்பு உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. அந்த வீல் ஒன்றுக்கு மட்டும் பெயிண்டர் தேவைப்படும்.

கழுவுவது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். ஆழியார் ரோட்டில் ஓடையோரம் நிறுத்தி வண்டி கழுவுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு. பிரேக் தூசியில் இரும்போடு செம்பு முதலான உலோகங்களும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010-லேயே பிரேக் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டது, மழைநீரோடு ஆற்றில் இறங்கும் செம்பு சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்பதற்காக. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த யூரோ 7 விதிகளில் முதன்முறையாக பிரேக்கிலிருந்து பறக்கும் துகளுக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள், பெட்ரோல் டீசல் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று. நம் மலை ஓடையில் வாழும் மீனுக்கும் தவளைக்கும் அதே அக்கறை வேண்டும். அயர்ன் ரிமூவர் வழிந்த தண்ணீர் ஓடைக்கோ தேயிலைத் தோட்ட வாய்க்காலுக்கோ போகக் கூடாது. சாக்கடை இணைப்புள்ள தரையில் வைத்துக் கழுவுங்கள். வசதி இல்லையென்றால் கோவை வரும் நாளில் கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒரு நல்ல டீடெயிலிங் கடையில் செய்துகொள்ளுங்கள். காய்ந்த தூசியை ஏர் கன்னால் ஊதித் தள்ளவும் விடாதீர்கள், முக்கியமாகப் பின் டிரம்மைத் திறக்கும்போது. பெட்டி, பெயர் எதுவும் இல்லாத மலிவுப் பேட்களிலும் பழைய லைனிங்குகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஈரத்துணியால் துடைப்பதுதான் பாதுகாப்பு.

கழுவி முடித்ததும் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத் துரு மெல்லிசாகப் பூக்கும். அது வார்ப்பிரும்பின் இயல்பு, முதல் நாலைந்து பிரேக்கில் போய்விடும். ஆனால் ஈர பிரேக்கோடு நேராக இறக்கத்துக்குப் போகாதீர்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்திக்கொண்டு கிளம்புங்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த வீலை வெறுமனே விடக் கூடாது. சாதாரண கார்னூபா வேக்ஸ் 80 டிகிரியைத் தாண்டினால் உருகும், மலை இறங்கும் காரின் முன் வீலில் நிற்காது. வீலுக்கென்று வரும் சிந்தெடிக் சீலன்ட் தடவுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். செராமிக் கோட்டிங் இன்னும் நாள் பிடிக்கும், ஆனால் உங்கள் வீலில் இருக்கும் கறை முழுதும் போகாமல் அதைப் போட்டால் கறையையும் சேர்த்து மூடி வைத்ததாகிவிடும். சீலன்ட் இருக்கும் வீலில் தூசி வராமல் போகாது, ஒட்டிப் பிடிக்காது. வாரம் ஒருமுறை, கோவை போய் வந்த மறுநாள் காலை, ஷாம்பு தண்ணீரில் கழுவினால் துரு பிடிக்க அவகாசமே கிடைக்காது. மழைக்காலத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்பின்னாக இடம் மாற்றிப் போடும்போது, கழற்றிய வீலின் உள்பக்கத்தையும் கழுவச் சொல்லுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பேலன்சிங் எடையை மட்டும் பெயர்த்துவிடக் கூடாது.

செராமிக் பேட் போட்டால் தூசி குறையும், வரும் தூசியும் வெளிர் நிறத்தில் இருப்பதால் கண்ணை உறுத்தாது. நகரத்துக்குள் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் தாராளமாக மாற்றுங்கள் என்றிருப்பேன். உங்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து சூடாகும்போது பிடிமானம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் உங்களுக்குக் கணக்கு. கார் கம்பெனி அந்த வண்டிக்கென்று தேர்ந்த பேடையோ, அதே தரத்தில் பெயர் பெற்ற கம்பெனியின் பேடையோ போடுங்கள். தூசிக்காக மட்டும் மலிவாக ஏதோ ஒரு செராமிக் வாங்கி மாட்ட வேண்டாம். கழுவ அரை மணி நேரம் கூடுதலாகப் போனால் போகட்டும்.

தூசி குறைய இன்னொரு வழி உங்கள் காலிலேயே இருக்கிறது. ஏறும்போது எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வளைவுக்கு முன் இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கோ லோ கியருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியை இன்ஜின் பிடித்து வைத்திருக்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கத் தேவையில்லை. தேவைப்படும் இடத்தில் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள், அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும். பேடும் கூடுதல் நாள் வரும்.

பெயிண்டரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். முன் வீல் இரண்டும் மருந்திலேயே பெருமளவு தேறும் என்று நம்புகிறேன். நாலுக்கும் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. பள்ளம் விழுந்ததும் வெளுத்ததும் இருந்தால், அவற்றுக்கு மட்டும் டயரைக் கழற்றி, பழைய கோட்டை முழுதும் எடுத்துவிட்டு பவுடர் கோட்டிங் செய்யச் சொல்லுங்கள். துருவின் மேலேயே ஸ்ப்ரே அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. முகப்பு மட்டும் கண்ணாடிபோல் கடைசல் கோடுகளோடு பளபளக்கும் டைமண்ட் கட் வகையாக இருந்தால் சாதாரண பெயிண்ட் கடையில் கொடுக்கக் கூடாது, அதற்கு சிஎன்சி லேத் உள்ள இடம் வேண்டும். எங்கே கொடுத்தாலும், வீல் ஹப்பில் உட்காரும் பின்பரப்பிலும் நட்டு அல்லது போல்ட் அமரும் குழியிலும் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளரும். டயர் மாட்டியதும் புதிதாக பேலன்சிங் செய்து, கார் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஏதாவது டயர் கடையில் நிறுத்தி ஒருமுறை இறுக்கம் பார்த்துவிட்டு, அதன் பிறகு மலை ஏறுங்கள்.